வத்தல்மலையில் ஓர் எக்ஸ்ரே நட்சத்திரத்தைத் தேடி

எண்பதுகளின் நடுவில் ஒரு டிசம்பர். நான் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவன். மிதுன ராசிப் பக்கம் ஓரிடத்தில் திடீரென எக்ஸ்ரே கொப்பளிப்பதைச் செயற்கைக்கோள் ஒன்று பதிவு செய்திருந்தது. நியூட்ரான் நட்சத்திரத்தின் வேலை. செத்துப்போன நட்சத்திரம்தான்; சூரியனளவு எடை, ஒரு நகரத்தின் அளவே உருவம். பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து விழுங்கும்போது இப்படி வெடிக்கும். செயற்கைக்கோள் காட்டிய இடம் வானத்தில் முழுநிலவில் கால்வாசி இருக்கும். அதற்குள் எந்த நட்சத்திரம்? சாதாரண ஒளியிலும் புதிதாகப் பிரகாசித்திருப்பதைப் படமெடுத்துப் பிடிக்க வேண்டும். சில வாரங்களில் அடங்கிவிடும்.

பெரிய தொலைநோக்கிகளில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. இந்த வேலையில் கூட இருந்த ஒரே நண்பனும் வெளிநாடு போய்விட்டான். துறையில் சும்மா கிடந்த எட்டு அங்குலத் தொலைநோக்கியைக் கழற்றி மூன்று மரப்பெட்டிகளில் அடைத்தேன். காலை ஆறு மணி பஸ், பத்தேகாலுக்குத் தருமபுரி. டவுன் பஸ்ஸில் மலையடிவாரம். அப்போது வத்தல்மலைக்குச் சாலை கிடையாது. கழுதைகள் மேல் பெட்டிகளை ஏற்றி நான்கு மணி நேரம் நடந்தோம்.

"பொட்டியில என்னங்க?" என்றார் கழுதைக்காரர்.

"நட்சத்திரம் பாக்குற கண்ணாடிங்க."

"அதுக்கு எதுக்குங்க மலை? எங்க வூட்டு வாசல்லயே தெரியுதே!"

மறுநாள் விடிந்ததும் அவர் இறங்கிவிட்டார். பிறகு பேச ஆளில்லை. முதல் இரண்டு இரவும் மேகம். கம்பளிக்குள் உட்கார்ந்து, ஊரில் யாராவது என்னைத் தேடுவார்களா என்று யோசித்தேன். தேட யாருமில்லை என்பது அங்கேதான் உறைத்தது.

மூன்றாம் இரவு வானம் கழுவிவிட்டது போல இருந்தது. ஆனால் பக்கத்துக் கேழ்வரகுக் காட்டில் பெரிய நெருப்பு எரிந்தது. படச்சுருளில் வெளிச்சம் ஏறிவிடும். போய்க் கேட்டேன். காவலுக்கு இருந்தவர் மாதம்மா; நாற்பது வயதிருக்கும். கணவர் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார்.

"நெருப்ப அணைச்சா பன்னி வந்துருமுங்க சார். இன்னும் நாலு நாள்ல அறுப்பு."

"ஒரு மணி நேரம் மட்டுங்க. இன்னைக்கு விட்டா அந்த நட்சத்திரம் போயிருமுங்க."

அவர் யோசித்தார். "சரி, மேக்கால நீங்க பாத்துக்கங்க, கெழக்கால நான் பாத்துக்கறேன். சத்தம் கேட்டா டின்னத் தட்டுங்க, ஓடிரும்." பழைய எண்ணெய் டின் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு நெருப்பின் மேல் மண்ணைத் தள்ளினார்.

படத்துக்கு நாற்பது நிமிடம் வேண்டும். மின்சாரம் இல்லாததால், கண்ணை எடுக்காமல் கையாலேயே திருகைத் திருப்பி நட்சத்திரத்தைப் பின்தொடர வேண்டும். முப்பதாவது நிமிடத்தில் மேற்குப் பக்கம் தட்டைகள் முறியும் சத்தம். எழுந்தால் படம் கோடாக இழுத்துவிடும். டின் காலடியில்தான் கிடந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பத்து நிமிடமும் அந்த மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே திருகைத் திருப்பினேன்.

விடிந்ததும் மாதம்மா மேற்கு ஓரத்தைப் பார்த்தார். கால்வாசிக் காடு மிதிபட்டுக் கிடந்தது. திட்டுவார் என்று நின்றேன்.

"உங்களுக்கு வேண்டியது கெடைச்சுதுங்களா?" என்றார்.

"தெரியலைங்க. கழுவிப் பாத்தாத்தான் தெரியும்."

"காதுல விழலீங்களா?"

"விழுந்துச்சுங்க."

அவர் குனிந்து, சாய்ந்த கதிர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் குனிந்தேன். அறுப்பு முடியும்வரை தங்கி, இரவெல்லாம் நெருப்பை நானே மூட்டி டின் தட்டினேன். அவர் குடிசையில் தூங்கினார். அந்த இரவுகளில் வானம் இன்னும் தெளிவாக இருந்தது. தொலைநோக்கியைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

பெங்களூரில் படத்தைக் கழுவினேன். பழைய வான வரைபடத்தோடு ஒப்பிட்டபோது ஒரு புள்ளி தெளிவாகப் பிரகாசித்திருந்தது. அதே நட்சத்திரம்தான். ஆனால் வேறொரு நாட்டுக் குழு நான்கு நாள் முன்பே அதை அறிவித்திருந்தது.

இப்போது மலை மேல்வரை தார்ச்சாலை உண்டு. தருமபுரியிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். டிசம்பர் என்றால் அமாவாசையை ஒட்டிப் போங்கள், கம்பளி கட்டாயம், மேகத்துக்கென்று இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள். அங்கே காவல் இருப்பவர்களிடம் பகலிலேயே பேசிவிடுங்கள். செய்ய முடியாததை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அன்றைய குறிப்பேட்டில் நேரம், வெப்பநிலை, படச்சுருள் எண் எல்லாம் எழுதியிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடச் சத்தத்தை இங்கேதான் முதல் முறையாக எழுதுகிறேன்.