அம்மா எங்கே என்று அப்பா கேட்டார்

அக்கா ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய கூந்தலிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் பாஸ்டர் அவளை முக்கி எடுத்திருந்தார். வரிசை வீடுகள் கொண்ட எங்கள் லயத்து வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். மாரியம்மன் திருவிழாவில் வருடம் தவறாமல் காவடி எடுக்கிறவர் அவர். இன்றைக்குப் பெரிய சண்டை நடக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "மொதல்ல தலையத் தொவட்டு. சளி புடிச்சுக்கும்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

எங்கள் தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிறது. அம்மா அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது குளவி கொட்டி இறந்துபோனாள். அடுத்த நிரையில் நின்ற அக்கா, அம்மா விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள். அதற்குப் பிறகு வெகுகாலம் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மலைக்கு வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள். கீழ் லயத்திலிருந்து சபைக்குப் போகும் ஒரு பெண் மட்டும் பொழுது சாயும் நேரத்தில் வந்து அவள் பக்கத்தில் உட்காருவாள். வேதத்தைத் திறக்க மாட்டாள், ஜெபம் செய்யலாமா என்றுகூடக் கேட்க மாட்டாள். அக்கா கீரை ஆய்ந்தால் அவளும் ஆய்வாள். ஒரு நாள் அக்கா அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அடுத்த ஞாயிறு தானாகவே சபைக்குப் போனாள். அக்காவுக்கு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தது அந்த விசுவாசம்தான். அதை நான் எங்கேயும் மறுக்க மாட்டேன்.

பிறகு எங்கள் வீட்டில் இரண்டு வழிபாடுகள் நடந்தன. முன்னறையில் மாரியம்மன் படத்துக்கும் அம்மாவின் படத்துக்கும் அப்பா விளக்கேற்றுவார். அக்கா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு ஜெபிப்பாள். அப்பாவைப் பொறுத்தவரை அம்மா தெய்வமாகிவிட்டாள். தெய்வமாகி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தைப்பொங்கலன்று படையலுக்கு முன்பே அக்காவுக்காக ஒரு தட்டில் பொங்கலை எடுத்து மூடி வைத்துவிடுவார். "இது படைக்காதது பாப்பா, நீ தாராளமா சாப்பிடு" என்பார். காவடி எடுக்கும் நாளில் அவருடைய மஞ்சள் வேட்டியைத் துவைத்து மடித்து வைப்பவள் அக்காதான். இப்படியே காலம் போயிருக்கக்கூடாதா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு வாயில் புற்றுநோய் வந்தது. வாழ்நாளெல்லாம் வெற்றிலை போட்ட வாய். பதுளை ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பாஸ்டர் அடிக்கடி வந்தார். அவர் கெட்டவர் அல்ல. ஹாலிஎலையிலிருந்து பஸ் மாறி மாறி வருவார், அப்பாவின் காலைப் பிடித்துவிடுவார், போகும்போது கண்கலங்குவார். இயேசுவை நம்பாமல் இறந்தவர்களுக்கு மீட்பில்லை என்று அவர் மனதார நம்பினார். அதனாலேயே அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு நாள் வாசலில் நின்று அக்காவிடம் சொன்னார்: "சிஸ்டர், பள்ளத்துல விழப்போறவர்கிட்ட சுகமா இருக்கீங்களான்னு மட்டும் கேட்டுட்டு வந்துடுவீங்களா? நேரம் இல்ல. நீங்க சொன்னா கேப்பாரு."

அதற்குப் பிறகு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் அப்பா நொந்துபோவார், சொல்லாவிட்டால் அப்பாவை ஒரேயடியாக இழந்துவிடுவேன் என்று என்னிடம் புலம்பினாள். எனக்கு அவளுடைய நம்பிக்கையும் இல்லை, அப்பாவின் உறுதியும் இல்லை. என்னால் அவளுக்கு எந்த வழியும் சொல்ல முடியவில்லை.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்டு, அக்கா பேச ஆரம்பித்தாள். இயேசு தன்னை எப்படித் தேற்றினார் என்பதில் தொடங்கி மெதுவாக, அழகாகச் சொன்னாள். அப்பா கண்ணை எடுக்காமல் கேட்டார். அவளுடைய பேச்சு முடிந்ததும், வீங்கிய வாயால் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"இவர நம்பாதவங்க எங்க போவாங்க?"

"கடவுள விட்டுத் தூரமாப் போயிருவாங்கப்பா."

"அப்ப ஒங்கம்மா எங்க இருக்கா?"

அக்கா இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்கவில்லை. "தெரியலப்பா" என்றாள். கடவுளுக்குத்தான் தெரியும் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

அப்பா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்குப் பொய் சொல்ல வராது பாப்பா. அழுவாத. நீ நம்புறதத்தானே சொன்ன" என்றார். பிறகு, "அவ அங்க இருந்தா நானும் அங்கயே போறேன். தனியா இருப்பா" என்றார்.

அதோடு அவர் தன் சாமியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. அன்றைக்குப் பிறகு விளக்கேற்றச் சொல்லி அவர் எங்களைக் கேட்கவே இல்லை. அம்மாவின் படத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். திடீரென்று என்னைக் கூப்பிட்டு, "அவ நல்லாத்தான் இருக்காளாடா?" என்று கேட்பார். நல்லா இருக்காங்கப்பா என்று சொல்வேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்பார். குசினியில் இருக்கும் அக்காவுக்கு எல்லாம் கேட்கும். அக்காவின் கடவுள் அவருக்கு வந்து சேரவில்லை. தெய்வமாகிவிட்டாள் என்று அவர் நம்பியிருந்த அம்மாவும் கைவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சந்தேகத்தோடுதான் அப்பா செத்துப்போனார்.

தப்படித்து அப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தோம். மறுநாள் காலை பாஸ்டர் வந்தார். அக்கா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "எங்கப்பா இப்ப எங்க இருக்காரு பாஸ்டர்?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது கர்த்தருக்குத்தான் தெரியும் சிஸ்டர். நாம யாரு சொல்ல?" என்றார்.

"இத அன்னைக்கே எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கலாமே" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

நான் இப்போது பதுளையில் ஆசிரியராக இருக்கிறேன். அக்கா தோட்டத்திலேயே தனியாக இருக்கிறாள். இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்குப் போகிறாள். கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, யாரோடும் பேசாமல் திரும்பி வருகிறாள். போன மாதம் மேல் லயத்தில் படுக்கையில் கிடந்த ஒரு பெண், ஜெபம் பண்ண வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறாள். அக்கா வாசல்வரை போயிருக்கிறாள். உள்ளே போகாமல் திரும்பிவிட்டாள். சில நாட்களில் அந்தப் பெண் இறந்துபோனாள்.

தோட்டத்துக்குப் போயிருந்தபோது, "ஏங்க்கா போகல?" என்று கேட்டேன்.

"அவ ஏதாச்சும் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

எதிர்மலையைப் பனிமூட்டம் மூடிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்தபடியே அக்கா சொன்னாள்.

"நான் சொன்னது பொய்யா இருந்தா, சாகக் கெடந்த மனுசன வீணா வதைச்சுட்டேன் தம்பி. உண்மையா இருந்தா..."

எழுந்து, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள்.