ஈசானி மூலையில் அவரைப் பந்தல்

பெரம்பலூரில், அரியலூர் சாலையோரம் போட்ட புது நகரில் எங்கள் வீடு. பக்கத்து மனை காலி. அதை வாங்கியவர்கள் எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனதோடு சரி. முள் மண்டிப் பாம்பு வருகிறதே என்று நான்தான் சுத்தம் செய்தேன். சுத்தம் செய்த மண்ணைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வராது. ஆடி பிறந்தால் அவரை ஊன்றிவிடுவேன். கரிசல் மண், கேட்கவா வேண்டும்! ஐப்பசிக்குள் கொடி பந்தலை மூடிவிடும்.

"ஊரான் மனையில உனக்கு என்ன விவசாயம்?" என்பார் வீட்டுக்காரர். பொரியலை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

கார்த்திகையில் பூ வரும். விடிந்தும் விடியாமலும் காபியோடு பந்தலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வேன். பனியில் எதிர்வீடு இருக்காது, தெரு இருக்காது. சாலையில் போகும் சிமெண்ட் லாரிகளின் இரைச்சல் எங்கோ ஆறு ஓடுவது மாதிரிக் கேட்கும். தலைக்கு மேலே ஊதாப் பூக்கள். இலை நுனியிலிருந்து பிடரியில் ஒரு சொட்டு விழும்போதுதான் நான் இருக்கிறேன் என்பதே நினைவுக்கு வரும். யார் மனை, எது எல்லை என்பதெல்லாம் அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. காபி ஆறிப்போயிருக்கும்.

போன கார்த்திகையில் மனைக்காரப் பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். கணவர் சிங்கப்பூரில். வீடு கட்டுவதற்கு முதல் வேலையாக போர் போடப் போகிறார்களாம். ஈசானி மூலையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று மேஸ்திரி காட்டிய இடத்தில் என் பந்தல் நின்றது. அந்த மாதத்தின் கடைசி முகூர்த்தத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அது தவறினால் மார்கழி. மார்கழியில் எங்கள் பக்கம் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். தை வரை பந்தல் தப்பிக்கும், காய் முழுவதும் பறித்துவிடலாம். மழையே, வந்து தொலைக்கக் கூடாதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. காலையில் போர் லாரி மனைக்குள் திரும்பியதுமே பின்சக்கரம் கரிசலுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

அவள் கையில் வெற்றிலை பாக்குத் தட்டு, முழங்கால் வரை சேறு.

"நல்ல நேரம் முடியப்போவுதுக்கா. இன்னைக்கு விட்டா தைதான். வாடகை வூட்ட சித்திரையோட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்கக்கா போவேன்?"

சக்கரத்துக்கு அடியில் போடக் கட்டை கிடைக்குமா என்று டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். இருந்த கழியெல்லாம் என் பந்தலில்தான் இருந்தது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "நவுருங்க" என்று அரிவாளோடு போய்க் கட்டுகளை அறுத்தேன். பூவும் பிஞ்சுமாகக் கொடி என் மேலேயே சரிந்தது. கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே நின்றேன். உள்ளே வெளிச்சம்கூட ஊதாவாக இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். பிறகு சவுக்குக் கழிகளை இழுத்துவந்து சக்கரத்துக்கு முன்னால் போட்டேன். அவை மடமடவென்று முறிய, லாரி ஏறி வந்து மூலையில் நின்றது.

மதியத்துக்கு மேல் தண்ணீர் பீறிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் பூஜைச் சொம்பில் பிடித்து, நேராக வந்து, வேரோடு பெயர்ந்து ஓரமாகச் சேற்றில் கிடந்த அவரையின் வேரில் ஊற்றினாள்.

"பொழைச்சுக்குமாக்கா?"

"பொழைக்காது" என்றேன்.

அவள் இன்னொரு சொம்பு பிடித்துவரப் போனாள்.