நிற்காத சண்முகவடிவு

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை. அதன் முதல் மாடி புடவைப் பிரிவில் சண்முகவடிவுக்கு வேலை. காலையில் வந்தால் ஷட்டர் இறங்கும்வரை நின்றபடியே புடவை பிரித்துக் காட்ட வேண்டும். கோட்டூர்புரம் ஆற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்து, குடும்பத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு, பஸ்ஸிலும் நிற்பதுதான். வருஷக்கணக்கில் நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே புண்ணாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் மருந்து தடவிய காஸ் துணியைப் புண்மேல் வைத்து, அதற்கு மேல் கிரேப் பேண்டேஜ் சுற்றினார்கள். இழுத்தால் நீளுகிற கட்டுத்துணி அது. "பாதத்துலேர்ந்து முட்டிக்குக் கீழ வரைக்கும் சுத்தணும்மா. கீழ இறுக்கமா, மேல போகப் போகக் கொஞ்சம் தளர்வா. அப்பதான் ரத்தம் மேல ஏறும். உக்காரும்போது காலைத் தூக்கி வச்சுக்கோ" என்றார் நர்ஸ். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடையில் உட்காருவதாவது!

மறுநாளே அந்தக் கட்டு மேனேஜர் ஸ்ரீநாத்தின் கண்ணில் பட்டது.

"கல்யாணப் புடவை வாங்க வர்ற இடத்துல என்னம்மா இது? அவுத்துட்டு ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கோ."

"பிளாஸ்திரி விரல்ல கீறினா ஒட்டறது சார். இந்தப் புண்ணுக்கு இதான் கட்டணும்."

"அப்ப குடோனுக்குப் போ. இந்தக் கட்டோட இங்க நிக்கக் கூடாது."

"சரி சார். நிக்கல."

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது வாங்கிய ஸ்டூல்கள் ஆளுயரக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தன. யாராவது சோதனைக்கு வந்தால் மட்டும் வெளியே வரும். வடிவு இரண்டை இழுத்து வந்தாள். ஒன்றில் உட்கார்ந்து, இன்னொன்றில் காலை வைத்து, தளர்ந்திருந்த கட்டை எல்லார் முன்னாலும் அவிழ்த்துத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்துக்கொண்டு நகர்ந்தார்.

"ஏந்திரிம்மா!"

"சட்டம் கீது, ஸ்டூலும் கீது. ஒக்கார்றதுக்குத்தான் ஆள் இல்லாம கெடந்துது. நீ வேணா போலீஸைக் கூப்பிடு சார்."

பக்கத்து கவுண்டர் ஜுவேரியா தன் சல்வாரைக் கொஞ்சம் தூக்கினாள். அவள் காலிலும் அதே கட்டு, இத்தனை நாள் ஒளித்து வைத்தது. அவளும் போய் ஒரு ஸ்டூலை எடுத்து வந்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர்.

ஸ்ரீநாத் கத்திப் பார்த்தார். முகூர்த்த சீசன் நேரத்தில் நான்கு பேரையும் அனுப்ப முடியாது. அடுத்த வாரம் வடிவை மட்டும் மேல்மாடி பெட்ஷீட் பிரிவுக்கு மாற்றினார். லிஃப்டில் ஊழியர்கள் ஏறக் கூடாது. ஸ்டூலைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக அவள் ஏறிப் போனதை எல்லா மாடியிலும் பார்த்தார்கள்.

புண் ஆறப் பொங்கல் ஆகிவிட்டது. ஆறிய இடம் கறுத்துத்தான் இருக்கிறது. இப்போதும் காலையில் காலைக் கீழே வைக்கும் முன்னே கட்டைச் சுற்றிக்கொள்கிறாள். புடவையை மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் உயர்த்தியே கட்டுகிறாள்.