அம்மாவிடம் சொல்லாத சேதி

என் தாய் வீடு இருக்கும் சாரத்தில் இப்போது என் வயிற்றைப் பார்த்த பிறகுதான் எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். காலையில் கீரை விற்க வரும் அம்மாள் கூடையை இறக்கி வைத்ததும் ஒரு அடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து, வயிறு முன்னால் தள்ளியிருக்கிறது, ஆண்பிள்ளைதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அதற்கப்புறமே முளைக்கீரைக்கு விலை சொல்கிறார். நான் நடக்கும்போது வலது காலைத்தான் முதலில் எடுத்து வைக்கிறேனாம். அதனால் சந்தேகமே இல்லை என்கிறார் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர். மருந்துக் கடையில் வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, மாங்காய் தின்ன ஆசையா, இனிப்பு தின்ன ஆசையா என்று குறுக்கு விசாரணை நடத்திவிட்டு அவரும் ஆண் என்றே சொன்னார். தேர்தல் வைத்தால் எதிரே நிற்பவருக்கு டெபாசிட் போய்விடும். நான் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறேன். வயிற்றில் இருப்பது பெண் என்று எனக்குத் தெரியும்.

பாரீஸுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் புறநகரில் இப்படி யாரும் பார்ப்பதில்லை. அங்கே ஐந்தாம் மாதம் வரை என் கர்ப்பம் குளிர்காலக் கோட்டுக்குள் இருந்தது. நான் வேலை செய்யும் பள்ளிக்கூட உணவகத்தில் ஒருநாள் ஏப்ரனின் முடிச்சைத் தளர்த்திக் கட்டியபோதுதான் கூட வேலை பார்ப்பவர்களுக்கே தெரிந்தது. கன்னத்தோடு கன்னம் வைத்து வாழ்த்தினார்கள். பிறகு கனமான பாத்திரங்களை நான் தூக்காமல் பார்த்துக்கொண்டார்களே தவிர, ஒரு கேள்வி கேட்கவில்லை. பேருந்தில் இளைஞர்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள், உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சில நாட்களில், யாராவது ஒருத்தர் இந்த வயிற்றைப் பற்றி வாயைத் திறந்து ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். அந்த ஏக்கத்தை இப்போது சாரம் வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

அங்கே ஸ்கேன் எடுத்த பெண்மணி மிகவும் மெதுவாகப் பேசக்கூடியவர். என்னுடைய பிரெஞ்சு எந்த வேகத்தில் ஓடும் என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். இருட்டான அறையில் திரையைப் பார்த்தபடியே, என்ன குழந்தை என்று தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனதில் அந்த நேரத்தில் அம்மா வந்து நின்றாள். அதற்குள் என் கணவர் "உய், உய்", ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டார். "யூன் ஃபீய்" என்றார் அந்தப் பெண்மணி, பெண் குழந்தை என்று. பெரிய ஓட்டல் சமையலறையில் நாள் முழுக்க அடுப்படியில் நின்று கத்திக் கத்தி வேலை வாங்கும் என் கணவர், முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். அடுத்த விடுமுறை நாளில் கட்டில் வந்தது, அலமாரி வந்தது, சுவருக்கு வெளிர் மஞ்சள் பெயிண்ட் வந்தது. நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது.

பயம் பெண் என்பதற்காக இல்லை. அதை இங்கே இருப்பவர்களுக்கும் என்னைப்போல வெளியே போய் வாழ்கிறவர்களுக்கும் ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள், நான் கடைசி. நான் பிறந்த அன்று அப்பா வார்டில் இருப்பவர்களுக்குக் கொடுக்க ஒரு பொட்டலம் மிட்டாய் வாங்கி வந்தாராம். அப்பா வழி உறவுக்காரர்கள், மூணாவதும் பொட்டைப் புள்ளைக்கு மிட்டாய் ஒரு கேடா என்று கேட்டார்கள். அவர் அதைப் பிரிக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆனால் அவள் சொல்லாததைப் பெரிய அக்கா ஒருமுறை சொன்னாள். என்னைப் பக்கத்தில் போட்ட பிறகு அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாளாம். நர்ஸ் திட்டிய பிறகுதான் பால் கொடுத்தாளாம். அம்மாமேல் எனக்கு அதில் கோபம் ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட பேச்சுகளைக் கேட்டால் யார்தான் சுவரைப் பார்க்கமாட்டார்கள்? ஆனால் என் மகள் இந்த உலகத்துக்கு வரும்போது அவளை முதலில் கையில் வாங்கப்போவது அம்மாதான். அந்த நேரத்தில் அம்மாவின் முகம் ஒரு கணம் வாடினால்கூட என்னால் தாங்கமுடியாது.

அப்படியானால் அங்கேயே பெற்றுக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் சாஜ்-ஃபாமும் அதையேதான் கேட்டார். பிரசவம் பார்க்கும் அந்த அம்மையார் மாதாமாதம் என்னைப் பரிசோதித்துக்கொண்டிருந்தவர். ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொள்ளப்போகிறேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிரசவ அறையில் உன்கூட யார் இருப்பார்கள் என்று கேட்டார். என் அம்மா என்றேன். குழந்தையின் அப்பா? குழந்தை பிறந்த பிறகு வருவார் என்றேன். அந்த அம்மையார் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, கணவர் உன்னை அனுப்பிவிடுகிறாரா, பயப்படாமல் சொல் என்றார். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். அதற்குள் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு இன்னும் இறுக்கமாகக் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையில் நான் அழுதது, அம்மா என்ற சொல்லைப் பிரெஞ்சில் அத்தனை தடவை சொன்னதால்தான்.

ஏழாம் மாதம் விமானம் ஏறி வந்துவிட்டேன். இங்கே வந்து முதல் ஸ்கேனுக்குப் போனபோது சுவரில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்கள், குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் சட்டப்படி குற்றம் என்று. அம்மா அந்தப் பலகையின் கீழேதான் உட்கார்ந்திருந்தாள். யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒரு ஊரே கட்டிக்காக்கும் சேதியை நான் விமானத்தில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்திருக்கிறேன். அந்தப் பலகை ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாதா? அதனாலேயே அதன் முன்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

பிள்ளைக்கு வேண்டியதை எடுத்துவைப்பதில் இரண்டு ஊருக்கும் எட்டாத தூரம். அங்கே அவளுக்குச் சீப்புகூட இருக்கிறது. இங்கே ஒரு ஊக்கு வாங்க அம்மா விடவில்லை. பிறப்பதற்கு முன்னால் புதிதாக எதையும் வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்பது அவள் கட்டளை. எதைக் கேட்டாலும் "பொறக்கட்டும்" என்ற ஒரே பதில். பிறந்த குழந்தைக்கு முதலில் உடுத்துவது நன்றாக வளர்ந்த வேறொரு குழந்தையின் பழைய சட்டையாக இருக்கவேண்டும் என்று, வில்லியனூரில் இருக்கும் பெரிய அக்கா வீட்டிலிருந்து அவள் பையனின் சட்டையை வாங்கி வந்தாள். பையனுடையதைத்தான் கேட்டு வாங்கினாள். அக்காவுக்கு ஒரு பெண்ணும் உண்டு.

அம்மா தட்டாஞ்சாவடியில் ஒரு சின்ன சோப்பு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். எனக்காக விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் இருக்கிறாள். தான் வேலை செய்த ஆலை மூடியதிலிருந்து பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையத்தில் வாட்ச்மேன் வேலைக்குப் போகும் அப்பா, தினமும் வரும்போது எனக்கு மாதுளம்பழம் வாங்கி வருகிறார். வெள்ளிக்கிழமை அம்மன் கோயில், சனிக்கிழமை மாதா கோயில் என்று அம்மா ஒரு தெய்வத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆண்பிள்ளை பிறந்தால் முதல் மொட்டை இன்ன இடத்தில் என்று வேண்டுதல்கள் கூடிக்கொண்டே போயின. ஒவ்வொரு தடவையும் திருநீறையோ மெழுகுவர்த்தித் துண்டையோ கொண்டுவந்து என் தலையணைக்குக் கீழே வைப்பாள். அவள் ஆசை வளர வளர, அது ஒடியும்போது எழும் சத்தமும் பெரிதாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. ஒடியத்தான் வேண்டும் என்றால் இப்போதே, என் முன்னால், குழந்தை பார்க்காதபோதே ஒடியட்டும் என்று முடிவுசெய்தேன்.

போன வாரம் ஒரு மத்தியானம். அம்மா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குக் கீழே விரிக்கும் துணிகள். சோடா உப்புப் போட்டு வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்தவை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மொட்டை போட எங்கள் குடும்பம் மொத்தமும் போக ஒரு வேன் பேசவேண்டும் என்று அம்மா ஆரம்பித்தாள்.

"அம்மா, பொண்ணும்மா" என்றேன்.

கிழிபட்டுக்கொண்டிருந்த வேட்டி பாதியில் நின்றது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தபடி, "யாரு சொன்னா?" என்றாள்.

"அங்க ஸ்கேன் எடுக்கும்போதே சொல்லிட்டாங்க. அங்க சொல்லுவாங்க."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவரு என்னா சொன்னாரு?"

அழுதார் என்றேன். அம்மாவின் தோள் சட்டென்று இறங்கியது. சந்தோஷத்தில் அழுதார் என்று அவசரமாகச் சொன்னேன். அன்றைக்கு என்னை ஓட்டல் சமையலறைக்கே அழைத்துப்போய் எல்லோரிடமும் காட்டினார், கட்டில்கூட வாங்கிவிட்டார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். வாங்கியதைப் பற்றி அதுவரை வாயைத் திறந்ததில்லை. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினி மாசமா இத மனசுல வச்சிக்கிட்டா சோறு துன்ன?" என்றாள்.

நான் கிழித்துப் போட்ட துணி ஒன்றை எடுத்து மடித்தேன்.

"பொண்ணு வேணாம்னு நானாடி சொன்னேன்? நாலு பேரு என்னைக் கேட்டத உன்னைக் கேக்கக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். ஒன்ன பெத்துட்டு நான் கெடந்த மாரி நீ கெடக்கக்கூடாது. மாப்பிள்ளையே அழுது சிரிச்சிட்டாருன்னா, அப்புறம் எவன் கேக்கறது."

அவ்வளவுதான். பாதியில் நின்ற வேட்டியை மறுபடி கிழிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் அக்கா பையனின் சட்டையை எடுத்து ஒருமுறை விரித்துப் பார்த்தாள். "இதுவே இருக்கட்டும், நல்லா வளந்த புள்ள" என்று மடித்து வைத்தாள். நான் அழுதேன். மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்த அழுகை. அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். விடுப்பில் இருந்தும் அவள்மேல் சோப்பு கம்பெனி வாசனை அடித்தது. அங்கே எங்கள் வீட்டுக் குளியலறையில் அடுக்கியிருக்கும் எந்தச் சோப்பிலும் அந்த வாசனை இல்லை.

அன்று சாயங்காலம் என் கணவர் வீடியோ காலில் வந்தார். அவருக்கு அன்று விடுமுறை. அம்மா என்னிடமிருந்து போனை வாங்கி, வாழ்த்துச் சொல்வதற்குப் பதிலாக, கட்டில் எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றாள். பார்ப்பது வேறு, வாங்குவது வேறு என்று என்னிடம் தனியாக ஒரு விளக்கம் வேறு. அவருக்குச் சொல்லவா வேண்டும்! போனைத் தூக்கிக்கொண்டு அறை முழுக்கச் சுற்றிக் காட்டினார். மஞ்சள் சுவர், முயல் படம் போட்ட திரைச்சீலை, அலமாரிக்குள் அளவு வாரியாக மடித்த சட்டைகள், நான்கு பக்கமும் மரக்கம்பி வைத்த வெள்ளைக் கட்டில். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நல்லா இருக்குது, நல்லா இருக்குது என்று சொல்லிக்கொண்டே வந்தவள் கட்டிலுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"நீங்க ரெண்டு பேரும் எங்க படுப்பீங்க மாப்பிள்ள?"

"பக்கத்து ரூம்ல அத்த."

"அப்ப புள்ள?"

"இதான் அத்த அதோட ரூம். அது இங்கதான் தூங்கும்."

"தனியாவா?"

அவர் சிரித்துக்கொண்டே, இங்கே எல்லோரும் அப்படித்தான், குழந்தை அழுதால் எங்கள் அறையில் கேட்க பேபிஃபோன் என்று ஒரு மெஷின் இருக்கிறது என்று அதையும் எடுத்துக் காட்டினார். அம்மா அந்த மெஷினைப் பார்த்தாள். எங்கள் மூவரையும் ஒரே பாயில் போட்டு, யார் புரண்டாலும் கை எட்டுகிற மாதிரி நடுவில் படுத்தவள் அவள். இத்தனை மாதம் நான் எந்த முகத்துக்குப் பயந்தேனோ அந்த முகம் அப்போதுதான் வாடியது.

"சரிங்க மாப்பிள்ள" என்றாள்.

போனை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஒரு விரலால் திரையில் இருந்த கட்டிலைத் தடவினாள். இன்னொரு கையை எடுத்து என் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே என் மகள் அந்தக் கை இருந்த பக்கமாகப் புரண்டாள். அங்கே அந்த மஞ்சள் அறையில் பட்டப்பகல் வெயில் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. இங்கே கூடம் இருட்டிக்கொண்டு வந்தது, அம்மா விளக்கைப் போட எழுந்திருக்கவே இல்லை.