கோயில் முதல்ல, கல்லறை அப்புறம்

டூர் நடத்துற தொழில்ல பாதி வேலை ஆட்களை பஸ்ல ஏத்துறது, மீதிப் பாதி இறக்குறது.

நான் இருக்கிறது சிட்னியில மெரிலேண்ட்ஸ். சிட்னி, மெல்பர்ன் ரெண்டு ஊர்லயும் இருக்கிற நம்ம ஆட்களைச் சேர்த்து வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரு கல்யாணத்துக்குச் சொந்தக்காரங்களை ரெண்டு கார்ல ஏத்திக் கிளப்பிப் பார்த்தவங்களுக்கு என் பாடு புரியும். நீங்கல்லாம் என் கட்சி. அதனால எகிப்துல நடந்த ஒரே ஒரு நாள் கூத்தை உங்ககிட்ட மட்டும் சொல்றேன். செங்கடல் ஓரத்துல ஹோட்டல். அங்கேருந்து பஸ்ல நாலு மணி நேரம் போனா லக்ஸர். பெரிய கோயில் ஒண்ணும், மலையைக் குடைஞ்ச ராஜாக்களோட கல்லறையும் பார்த்துட்டு அன்னைக்கே திரும்பணும். எனக்கு இது தண்ணி பட்ட பாடு.

டிபன் டப்பா

விடியறதுக்கு முன்னாடி கிளம்புறதால ஹோட்டல்லயே ஆளுக்கொரு டப்பா குடுத்துட்டாங்க. பன், சீஸ், அவிச்ச முட்டை, ஜாம். நம்ம ஆளுங்க அதை மரியாதையாத் திறந்து பார்த்துட்டு மூடி வச்சாங்க. அப்புறம் பைகள் திறந்துச்சு. மெல்பர்ன் கிளென் வேவர்லி வித்யா தக்காளித் தொக்கு எடுத்தா. அதுக்குப் பக்கத்துக் கிளேட்டன்ல இருந்து வந்த பிலோமினா அன்ரி, சொந்த ஊர் மன்னார், ஒரு பெரிய போத்தல் நிறைய மாசிக் கருவாடு இடிச்சுப் போட்ட காரச் சம்பல் எடுத்தாங்க. பஸ் செக்போஸ்ட்ல நிக்கிறப்ப உள்ள ஏறின போலீஸ்காரரே மூக்கைச் சுளிச்சுட்டு இறங்கிட்டார்.

எங்க கைடு மஹ்மூத் நல்ல பையன், மரியாதை தெரிஞ்சவன். அன்ரி பன்னுக்குள்ள சம்பலை வச்சு நீட்டினதும் மாட்டேன்னு சொல்லத் தெரியல. ஒரு கடி கடிச்சான். கண்ணெல்லாம் செவந்து, மைக்கைக் கீழ வச்சுட்டுத் தண்ணி தேடினான். அவனுக்குத் தமிழ் தெரியுமா தெரியாதான்னு அன்ரி யோசிக்கவே இல்ல: "இந்தப் பாலைவன வெயிலைத் தாங்கிற ஆளுக்கு என்ர சம்பலைத் தாங்கேலாதோ, தம்பி?"

குளிக்காம எப்படி?

வழியில டீ குடிச்சு முடிச்சதும் நான் எழுந்து திட்டத்தைச் சொன்னேன். வெயில் ஏறுறதுக்குள்ள கல்லறை, அப்புறம் சாப்பாடு, சாயங்காலம் கர்னாக் கோயில். பல தடவை பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டம். வித்யாதான் வாயைத் திறந்தா. கல்லறைக்குள்ள போயிட்டு, தலைக்குக் குளிக்காம எப்படிக் கோயிலுக்குள்ள போறதுன்னு கேட்டா. அவ்வளவுதான், மொத்த பஸ்ஸும் அவ பக்கம் சாஞ்சிருச்சு. அம்மா, அவங்க செத்து மூவாயிரம் வருஷம் ஆச்சு, பாடியைக்கூட மியூசியத்துக்குக் கொண்டு போயாச்சுன்னு நான் கெஞ்சினேன். பாடியை எடுத்துட்டாலும் குளிச்சாத்தானே தீட்டுப் போகும்னு பின்சீட்ல இருந்து பதில் வந்துச்சு.

மஹ்மூத்கிட்ட விளக்கினேன். இத்தனை தேசத்து ஆளுங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன், யாரும் இப்படிக் கேட்டதில்லையேன்னு தலையைச் சொறிஞ்சான். டிரைவர் முணுமுணுத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு, ஆனா காசு குடுத்து வந்தவங்களைப் பட்டினி போட்டாலும் போடலாம், தீட்டோட சாமி பார்க்க வைக்க முடியாது. வரிசையை மாத்தினேன். கோயில் முதல்ல, கல்லறை உச்சி வெயில்ல. பிலோமினா அன்ரி மட்டும் ரெண்டுக்கும் தயாரா இருந்தாங்க: "எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நாங்கள் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரியோட போற ஆக்கள்."

இறங்காத ஆள்

கர்னாக் வாசல்ல பஸ் நின்னுச்சு. எல்லாரும் இறங்கினாங்க. முன் சீட்ல இருந்த சிவபாலன் அங்கிள் மட்டும் அசையல. அவரும் மெரிலேண்ட்ஸ்தான், யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே வேலையில இருந்து ஓய்வு பெற்றவர். ரெண்டு வருஷமா எனக்குப் போன் பண்ணி, எகிப்துக்கு எப்ப போறம் பிள்ளைன்னு கேட்டவர். பள்ளிக்கூடத்துப் புத்தகத்துல பார்த்த அந்தப் பெரிய பெரிய தூண்ல ஒரு தடவை கை வைக்கணும், அவ்வளவுதான் அவர் ஆசை. முழங்கால் ரெண்டும் போச்சு. இவ்வளவு தூரம் பிளேன்ல வர்றது இதுதான் கடைசின்னு அவரே சொல்லியிருந்தார்.

நான் ஏறிப் போய்ப் பக்கத்துல உட்கார்ந்தேன். நாலு மாசத்துக்கு முன்னாடி அவரோட அம்மா ஊர்ல காலமானது எனக்குத் தெரியும். ஆட்டைத் திவசம் முடியிற வரைக்கும், அதாவது ஒரு வருஷம், கோயில் வாசலை மிதிக்கிறதில்லைன்னு அவர் இருக்கிறது தெரியாது. எல்லாரும் இறங்கின பிறகு பஸ்லயே இருந்துட்டா யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நினைச்சிருக்கார். இவ்வளவு தூரம் வந்துட்டு இப்படிப் பண்ணலாமான்னு கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே சொன்னார்: "விமானம் பிந்தி, நான் போய்ச் சேரேக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு, பிள்ளை. அவவுக்கெண்டு நான் செய்யிறது இது ஒண்டுதான்."

சாமி இருக்கா?

நான் விடுற ஆளா? மஹ்மூத்தை பஸ்ஸுக்குள்ள இழுத்துட்டு வந்தேன். உள்ள சாமி கிடையாது, பூஜை நின்னு எத்தனையோ நூறு வருஷம் ஆச்சு, இப்ப டிக்கெட் கிழிக்கிற இடம்தான்னு அவன் அடிச்சுச் சொன்னான். வித்யாவோட வீட்டுக்காரர் கார்த்திக், என்ஜினியர், அவரும் வந்தார். மூர்த்தி இல்ல, விளக்கு இல்ல, கும்பாபிஷேகம் இல்ல, அப்புறம் எப்படி அங்கிள் கோயில் ஆகும்னு கேட்டார். அங்கிள் ஜன்னல் வழியா வாசலை எட்டிப் பார்த்தார். அப்படியெண்டா இது மியூசியம் மாதிரித்தான் என்னன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, என் தோளைப் பிடிச்சு மெதுவா இறங்கினார். எனக்குச் சந்தோஷம் தாங்கல.

ரெண்டு பக்கமும் ஆட்டுத்தலைச் சிலைங்க வரிசையா இருக்கிற பாதையில அவரைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போனேன். தூண் உச்சி தெரிய ஆரம்பிச்சிருச்சு. வாசல்ல எங்களுக்கு முன்னாடி வித்யா. குனிஞ்சா. செருப்பைக் கழட்டினா. ஓரமா வச்சா. படியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அவளைப் பார்த்துப் பின்னாடி வந்தவங்களும் வரிசையாக் கழட்டினாங்க. காவலாளி ஒண்ணும் புரியாம நின்னார். என் தோள்ல இருந்த கை நழுவுச்சு. வித்யாவை அங்கேயே ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன், அங்கிள் முந்திக்கிட்டார்: "ஆக்கள் செருப்புக் கழட்டினா அது கோயில்தான், பிள்ளை. நான் பஸ்ஸில இருக்கிறன்."

வலமா, இடமா?

உள்ள ஒரு பீடத்து மேல பெரிய கல்வண்டு இருக்கு. அதைச் சுத்தினா நினைச்சது நடக்கும்னு கைடுங்க சொல்லுவாங்க. அன்னைக்கு ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் வண்டு இடக்கைப் பக்கம் இருக்கிற மாதிரிச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. நம்ம ஆளுங்க கையைக் கூப்பிக்கிட்டு அழகா வலம் வந்தாங்க. ரெண்டு சுத்துக்குள்ள டிராஃபிக் ஜாம். தொப்பியெல்லாம் கீழ விழுந்துச்சு.

மஹ்மூத் ஓடி வந்து, தயவுசெஞ்சு அவங்க போற பக்கமாப் போங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டான். வித்யா நிக்கவே இல்ல: "அவங்களைத் திரும்பச் சொல்லுங்க. நாங்க இதைச் சின்ன வயசுலேருந்து பண்றோம்."

வாய் திறக்கிற சடங்கு

கல்லறைக்கு வந்தப்ப வெயில் மண்டையைப் பிளந்துச்சு. இந்தத் தடவை முதல்ல இறங்கினது சிவபாலன் அங்கிள். உள்ள கைடு பேசக் கூடாதுன்றதால மஹ்மூத் வெளியிலயே படத்தைக் காட்டிச் சொன்னான். சிறுத்தைத் தோல் போர்த்தி நிக்கிறவர் செய்யிறது மகன் செய்ய வேண்டிய சடங்கு. செத்தவர் போற இடத்துல சாப்பிடணும், பேசணும், அதுக்காக அவர் வாயைத் திறந்து விடுறார்.

சரிவுல இறங்கினோம். புழுக்கம் தாங்காம மத்தவங்க பார்த்த கையோட மேல போயிட்டாங்க. அங்கிள் அந்த ஓவியத்துக்கு முன்னாடி நின்னார். நகரல. கடைசியில, அம்மாவுக்கு வாய்க்கரிசி தம்பிதான் போட்டவன், நான் போடேல்லைன்னு சொல்லிட்டு, அவ்வளவு பெரிய மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். வியர்வையும் கண்ணீருமா ரெண்டு பேரும் அங்கேயே நின்னோம்.

மேல வந்ததும் வித்யா தண்ணி பாட்டிலோட நின்னா. செருப்பு விஷயத்தை யாரோ அவகிட்ட சொல்லியிருக்காங்க. பழக்கத்துல கழட்டிட்டேன் அங்கிள், என்னாலதான் நீங்க தூணைப் பார்க்காமப் போயிட்டீங்கன்னு கண் கலங்கினா. அவர் தண்ணியை முழுசாக் குடிச்சு, முகத்தைத் துடைச்சுக்கிட்டு, என்னையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்: "நீர் சரியாத்தான் செய்தனீர், பிள்ளை. திவசம் முடியட்டும், முழுகிப்போட்டு வந்து அந்தத் தூணைத் தொடுறன், முழங்காலோட நான் கதைக்கிறன்."

எகிப்துக்காரங்க என்னைக்கோ மூடிட்டுப் போன கோயிலை நம்ம ஆளுங்க ஒரு ஜோடி செருப்பைக் கழட்டித் திறந்துட்டாங்க, இனிமே அங்க சாமி இல்லேன்னு சொல்ற தைரியம் எனக்கும் இல்ல, மஹ்மூத்துக்கும் இல்ல.