எருமை ஏப்பத்துக்கு வந்த ஒப்பந்தம்

மாடு விடும் ஏப்பத்தைக் குறைக்க வெளிநாடுகளெல்லாம் கூடி ஒப்பந்தம் போட்டிருக்கின்றன என்று டீக்கடையில் ஒருவர் பேப்பர் படித்துச் சொன்னபோது நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். ஏப்பத்தில் மீத்தேன் என்று ஒரு வாயு வருகிறதாம், அதில் பூமி சூடாகிறதாம். நான் எட்டாவதோடு நின்றவன். கையெழுத்து என்றாலே பயம். எங்கள் வீடு ஓடுவதோ ஒரே ஒரு எருமையின் பாலில்.

அன்று மாலை தொழுவத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதியாக அசைபோட்டது, நிம்மதியாக ஏப்பம் விட்டது. நான் வைக்கோலைக் குறைத்துப் போட்டேன்.

"ஏன் பட்டினி போடுதிய?" என்றாள் மனைவி.

"ஏப்பம் குறையட்டும்னுதான்."

"பாலும்லா குறையும்! மொதல்ல ஒங்க ஏப்பத்தக் குறைங்க."

மறுநாள் காலை எருமை பருவத்துக்கு வந்து கத்தியது. அன்றைக்கே சினை ஊசி போட வேண்டும், தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ஊசி போடுவதா, சாயங்காலம் வரச் சொல்லியிருந்த கரிவலம்வந்தநல்லூர் மாட்டுத் தரகரிடம் விற்றுத் தள்ளிவிடுவதா? மனம் ஒரு நிலையில் இல்லாமலேதான் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, நம்ம நாடு அதுல கையெழுத்தே போடல. அங்கல்லாம் ஒரு பண்ணையில ஆயிரக்கணக்குல மாடு. இங்க வீட்டுக்கு ஒண்ணு, ரெண்டு. இது பொழைப்பு, இதுல கை வைக்க முடியாதுன்னுட்டாங்க."

"நல்ல மனசு."

"மனசும் உண்டு. மாடு வச்சிருக்கவங்க ஓட்டும் உண்டுல்லா?"

பின்னால் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் விடவில்லை. "ஏம்மா, என் ஆட்டுக்கும் சேத்துத்தான பேசியிருப்பாவ? இது ராத்திரி பகலா விடுது."

வரிசையே சிரித்தது. எனக்கு மட்டும் அடுத்த கவலை முளைத்தது. "அடுத்த வருசம் கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னா?"

டாக்டரம்மா நீளக் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கன்னு பொறக்க பத்து மாசம். அதுக்குள்ள அவங்க ஒப்பந்தத்துல ஒரு கமா எங்க வைக்கணும்னு பேசி முடிச்சாலே பெருசு. கயித்த இறுக்கிப் பிடிங்க."

பிடித்தேன். ஊசி இறங்கியது. தரகருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொன்னேன். வெயிலுக்கு முன்னால் எருமையை வீட்டுக்கு ஓட்டி வந்து, தொட்டி நிறையத் தண்ணீர் காட்டி, வைக்கோலை அள்ளி அள்ளிப் போட்டேன். உலகக் கவலை அதோடு தீர்ந்தது. சினை நிற்க வேண்டுமே என்ற சொந்தக் கவலை தொடங்கியது.