வால்டாவின் முன்னறையில் மூன்று குஞ்சுகள்

வால்டா ஃபோர்டூனுக்குப் பறவைகள் என்றாலே ஆகாது. கேப் டவுனின் மிட்செல்ஸ் பிளெயின் பகுதியில் அவளுடைய வீட்டு முன்னறைதான் அந்தத் தெருவுக்கே அழகு நிலையம். இரண்டு சுழல் நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி, சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. புறக்கடையில் தம்பி நெவில் கம்பிவலை அடித்துப் பெரிய கூண்டு ஒன்று கட்டி, அதில் ஒரு ஜோடி லவ்பேர்ட்ஸ் வளர்த்துவந்தான். “உதிர்ற முடியைக் கூட்டிப் பெருக்கவே எனக்கு நேரம் பத்தல, இதுல இறகு வேறயா?” என்று அவள் வாரம் ஒரு தடவையாவது கேட்பாள்.

நெவிலுக்கு மீன்பிடிக் கப்பலில் வேலை. போனால் திரும்ப மாதங்களாகும். அந்த முறை கிளம்பும்போது தீனிப் பையை அக்காவின் கையில் திணித்தான்.

“சிஸ்ஸி, தினமும் தீனி போடு, தண்ணி மாத்து. கூண்டுல தொங்குற பெட்டிக்குள்ள குஞ்சு இருக்கு. கைய மட்டும் உள்ள விட்டுறாத.”

“நீ காசு குடுத்தாக்கூட விடமாட்டேன். போய்ட்டு வா.”

அவன் போன சில நாளிலேயே தென்கிழக்குக் காற்று பேயாக அடித்தது. கூரைத் தகடு தடதடத்ததில் வேறு எந்தச் சத்தமும் அவள் காதில் விழவில்லை. காலையில் தீனியோடு போனால், தாய்ப்பறவை வலையோரம் செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பூனை வலைக்குள் நகத்தை விட்டிருக்கிறது. ஆண் பறவை மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு அசையவே மறுத்தது. தொங்கும் மரப்பெட்டிக்குள்ளிருந்து கீச்கீச்சென்று விடாமல் சத்தம்.

வால்டா மூடியைத் திறந்து பார்த்தாள். மூன்று குஞ்சுகள். உடம்பைவிடப் பெரிய தலை, உரித்த கோழித் தோல், அங்கங்கே முள் முள்ளாக முளைக்கத் தொடங்கிய இறகு.

“ஐயோ கடவுளே, என்ன அசிங்கம்!” என்றாள். அடுத்த நொடியே, “பசிக்குதா?” என்றும் கேட்டுவிட்டாள்.

நெவிலின் கைபேசி நடுக்கடலில் எடுக்கவில்லை. பறவைத் தீனி விற்கும் கடைக்கு ஓடினாள். கல்லாவில் இருந்த பெண் கேட்டாள்: “அப்பன் பறவை ஊட்டுதான்னு பார்த்தீங்களா, ஆன்ட்டி?”

“அது மூலையில உக்காந்துக்கிட்டு உலகத்தையே வெறுத்துட்டிருக்கு.”

“அப்போ இனிமே நீங்கதான் அம்மா.”

குஞ்சுகளுக்கான மாவுப் பொட்டலத்தோடு வால்டா வீடு திரும்பினாள். ஒரு தேக்கரண்டியின் இரு ஓரத்தையும் குறடால் உள்ளே மடக்கினாள். வெந்நீரில் மாவைக் கரைத்து மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். முப்பது வருஷமாக ஊரார் தலைக்குத் தண்ணீர் விளாவிய கை. சூடு பதமாகத்தான் இருந்தது. முதல் கரண்டி குஞ்சின் கண்ணிலும் இவள் மடியிலும் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பெரிய குஞ்சு கரண்டி முனையைக் கவ்விக்கொண்டு, தலையை மேலும் கீழும் வெடுக்வெடுக்கென்று ஆட்டி உறிஞ்சத் தொடங்கியது. கழுத்துக்குக் கீழே தீனிப்பை சின்ன பலூன் மாதிரி உப்பியது. தோல் வழியாக உள்ளே போன மாவுகூடத் தெரிந்தது. வால்டா தன்னையறியாமல் சிரித்துவிட்டாள்.

துவாலை விரித்த பிளாஸ்டிக் தொட்டியில் மூன்றையும் போட்டு, சூடு கிடைக்க மேலே ஒரு மேசை விளக்கைச் சாய்த்து வைத்தாள். அன்றிலிருந்து ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் மூன்று வாய்.

சனிக்கிழமை மெர்சியா ஜெஃப்தா வந்தாள். தேவாலயப் பாடகர் குழுவுக்கு அவள்தான் தலைவி. மறுநாள் தனிப்பாடல் இருந்தது. முடியைக் கொஞ்சமே கொஞ்சம் செம்பழுப்பாக்கச் சொல்லி, நிறம் வெளுக்கும் மருந்தைத் தலையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மருந்து ஊறுகிற நேரத்தில் ஒரு சுற்று ஊட்டிவிடலாமென்று வால்டா உள்ளே போனாள். கடைக்குட்டி அன்று அடம்பிடித்தது. கொஞ்சிக் கொஞ்சி ஊட்டி முடித்து வந்து கழுவிப் பார்த்தால், மெர்சியாவின் தலை பழுப்பைத் தாண்டி, சிவப்பைத் தாண்டி, பளீரென்று ஆரஞ்சில் போய் நின்றது.

மெர்சியா கண்ணாடியையே பார்த்தாள்.

“வால்டா, இது யாரு தலை?”

“குஞ்சுக்கு ஊட்டிட்டிருந்தேன், ஆன்ட்டி மெர்சியா.”

“யாரு குழந்தைக்கு?”

“குழந்தை இல்ல. பறவைக் குஞ்சு.”

“ஒரு பறவைக்காக என்னைப் பூசணிக்காயாக்கிட்டியா? நாளைக்கு நான் கர்த்தரைப் பாடுனா ஜனங்க கர்த்தரைப் பார்ப்பாங்களா, என் மண்டையப் பார்ப்பாங்களா?”

வால்டா மன்னிப்புக் கேட்டபடி அவசரமாகப் பழுப்புச் சாயம் குழைத்துத் தடவத் தொடங்கினாள். பாதியில் உள்ளே மறுபடி கீச்கீச்.

“அது ஏன் கத்துது?”

“சின்னது இன்னும் சரியா சாப்பிடல.”

“கேட்டுக்கிட்டே நிக்கிறியே, நீயெல்லாம் மனுஷியா? அந்தக் கரண்டிய இங்க கொண்டா. ஆறு பெத்து வளர்த்தவ நான்.”

சாயம் வழியும் தலையும் கழுத்தில் கட்டிய துணியுமாக உட்கார்ந்து மெர்சியா ஊட்டினாள். கடைக்குட்டி அவள் கையில் மடமடவென்று தின்றது. அவள் முகத்தில் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. திங்கட்கிழமை கதவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“முடிக்கு என்ன, ஆன்ட்டி?”

“முடி கிடக்கட்டும். அதுங்க சாப்பிட்டாச்சா?”

விஷயம் தெருவில் பரவியது. முடி வெட்ட வந்தவர்கள் கை கழுவிக்கொண்டு முறைக்கு நின்றார்கள். யார் கையில் அதிகம் தின்கிறது என்று பந்தயம் வேறு.

ஆனால் எல்லாம் சிரிப்பாகவே போய்விடவில்லை. ஒரு மழை நாளில், மத்தியானம் போன மின்சாரம் வரவே இல்லை. விளக்கு அணைந்து தொட்டி குளிர்ந்துவிட்டது. வால்டா எரிவாயு அடுப்பில் வெந்நீர் போட்டுப் புட்டியில் ஊற்றித் துணி சுற்றி வைத்தாள். பெரியவை இரண்டும் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டன. கடைக்குட்டியின் தீனிப்பை மட்டும் காலையில் ஊட்டியபடியே வடியாமல் கல்லாக இருந்தது. அந்தக் குஞ்சை ரவிக்கைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒருத்திக்கு முடி வெட்டினாள். முடி வெட்டி முடிக்கும் முன்னே நெஞ்சோடு ஒட்டியிருந்த அந்தச் சின்னத் துடிப்பு நின்றுபோனது வால்டாவுக்குத் தெரிந்தது. அவள் கத்தரியைக் கீழே வைக்காமல் மீதி முடியையும் வெட்டி, சீவிவிட்டு, அப்புறம்தான் கொல்லைக்குப் போனாள். காலையில் ஊட்ட வந்திருந்த மெர்சியாதான் கீரைப்பாத்தி ஓரம் குழி தோண்டினாள்.

“நான்தான் கூட ஒரு கரண்டி திணிச்சுட்டேனோ?” என்றாள் மெர்சியா.

“இல்ல, ஆன்ட்டி. குளிரு.”

மறுநாள் மெர்சியா தன் வீட்டு ரப்பர் வெந்நீர்ப் பைகள் இரண்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மற்ற இரண்டும் வளர்ந்தன. பச்சை உடம்பு, பீச்பழ நிறத்தில் முகம். பிக்கி, டோலி என்று பேர் விழுந்தது. முடி சுருட்டும்போது சுற்றும் மெல்லிய காகிதங்களை டோலி அலகால் கத்தரித்தாற்போல் நீளநீளமாகக் கிழித்து, வால் பக்க இறகுக்குள் செருகிக்கொண்டு, கல்யாணப் பெண் போலக் கண்ணாடி முன் நடப்பாள். பிக்கிக்கு முடி உலர்த்தும் கருவியின் சூட்டுக்காற்று வேண்டும். அது ஓடத் தொடங்கினால் எங்கிருந்தாலும் பறந்து வந்து சிறகை விரித்து நிற்பான்.

ஒருநாள் பிக்கி கரண்டியைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டான். தினைக் கதிரை ஒரு காலால் மிதித்துத் தானே உமியுரித்துத் தின்றான். “வேணாமா? ஒரு வாய்?” என்று வால்டா கரண்டியை நீட்டியபடி வெகுநேரம் நின்றாள். “திமிரைப் பாரு,” என்றாள் கடைசியில்.

நெவில் தாடியும் மீசையுமாக, தோளில் ஒரு ஸ்னூக் மீனோடு வந்து சேர்ந்தான். நடந்ததைக் கேட்டான். தாய்ப்பறவைக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டான். பிறகு மெதுவாக, “சிஸ்ஸி, பறவைக்குப் பறவைதான் துணை. கூண்டுல விட்டுடலாம். அப்பனும் ஒண்டியா கெடக்குது,” என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. “உன் பறவை, உன் இஷ்டம்,” என்று வால்டா பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

கூண்டில் விட்டதும் பிக்கி போட்ட கூச்சலில் தெருவே விழித்துக்கொண்டது. மெர்சியா வந்து நெவிலை மேலும் கீழும் பார்த்தாள். “கடல்லேர்ந்து வந்து இறங்கி முதல் வேலையா புள்ளைங்கள ஜெயில்ல போட்டவன் நீதானா?”

“ஆன்ட்டி, அதுங்க பறவைங்க...”

“பேசாத. எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

மூன்றாம் நாள் வால்டாவே போய்க் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பிக்கி அம்பாகப் பாய்ந்து வந்து அவள் தோளில் உட்கார்ந்தான். டோலி அசையவில்லை. அவள் மேல் கொம்பில் அப்பனை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் உலகத்தை வெறுத்துக்கொண்டிருந்த அந்தக் கிழவன் அவள் தலை இறகை ஒவ்வொன்றாகக் கோதிக்கொண்டிருந்தான்.

“டோலி,” என்று வால்டா ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். டோலி ஒரு கண்ணால் பார்த்தாள். மறுபடி அப்பனுக்குத் தலையைக் குனித்துக் கொடுத்தாள். வால்டாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த ஆண் பறவை அத்தனை நிம்மதியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. கதவைச் சாத்தினாள்.

“சரி சிஸ்ஸி, ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு,” என்றான் நெவில்.

“உனக்கொண்ணும் இல்ல. டோலி அவ அப்பனுக்கு. வந்து நாற்காலியில உக்காரு, இந்தத் தாடிய எடுத்துத் தொலைக்கிறேன். பார்க்கச் சகிக்கல.”

நெவில் உட்கார்ந்தான். துணியைக் கட்டினாள். பிக்கி வால்டாவின் தோளிலிருந்து நாற்காலி முதுகுக்கு இறங்கி, அங்கிருந்து நெவிலின் தோளுக்கு வந்து, காது மடலை உற்றுப் பார்த்துவிட்டு ஒரு கடி வைத்தான்.

“அம்மா! சிஸ்ஸி, இத எடு!”

“ஆடாம உக்காரு,” என்றாள் வால்டா, கத்தரியைத் தேடியபடி. “யாருன்னு தெரிஞ்சுக்கப் பார்க்குறான்.”